திப்பி மாட்டுக்கு, மாவு நமக்கு

குச்சிக்கிழங்கு வரத்துத் தொடங்கிவிட்டால் ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் சேகோ ஆலைகளின் புளித்த வாடை ரோடு வரைக்கும் வரும். உள்ளே நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி அரைக்கிறார்கள். அரைத்ததைத் தண்ணீர் விட்டு அலசிச் சல்லடையில் வடித்தால் மாவுப்பால் இறங்கும். தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். அதை உருட்டி, சூட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. சல்லடை மேல் தங்குகிற சக்கைக்கு இங்கே திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மலாயாவிலிருந்து சரக்கு வராமல் போனபோது சேலத்தில் தலையெடுத்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய சரக்குதான். ஆனால் உணவு என்று பார்த்தால் அதில் இருப்பது மாவுச்சத்து மட்டுமே. 100 கிராம் ஜவ்வரிசியில் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, நாரும் பெயருக்குத்தான்.

திப்பியைத் தின்ற மாடு நட்டப்படுவதில்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். நம் பெருங்குடலிலும் இதே வேலை சிறிய அளவில் நடக்கிறது. நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நாரைத்தான் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் தின்கின்றன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்பது 2016இல் வெளியான கணக்கு. உடம்பிலுள்ள நம் சொந்தச் செல்களைவிட அது சற்று அதிகம். நாம் நாரைச் சல்லடையில் நிறுத்திவிட்டு மாவை மட்டும் விழுங்கினால், இத்தனை உயிர்களுக்கும் பட்டினி.

அவை பட்டினி கிடந்தால் நம் தலைக்கு என்ன வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வயிற்றுக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஒரு மருத்துவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். 1822இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பட்டது. பிழைத்துக்கொண்டான், ஆனால் காயம் முழுதாக மூடாமல், வயிற்றில் ஒரு துளையாகவே நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இரைப்பைக்குள் இறக்கினார். சற்று நேரம் கழித்து நூலை இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். அந்த இளைஞன் கோபமாக இருந்த நாட்களில் செரிமானம் கெட்டுப்போவதைக் குறித்துவைத்தார். (அந்தப் பையனின் கோபத்துக்கு அந்த நூலே பாதிக் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.)

மனம் வயிற்றைக் கெடுக்கும் என்பது இப்படித் தெரிந்தது. வயிறு மனதைக் கெடுக்குமா என்பதற்கு விடை வர இன்னும் 180 ஆண்டுகள் ஆயின. 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோவும் உடன் இருந்தவர்களும், குடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். அந்த எலிகளை அசையவிடாமல் சிறிது நேரம் அடைத்துவைத்தால், சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹார்மோன் எகிறியது. ஒரு நல்ல பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றிய பிறகு அந்தப் பதற்றம் அடங்கியது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில், பெல்ஜியத்தில் 1,054 பேரின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது முக்கியமானது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு இனங்கள் குறைந்திருந்தன. குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடாததால் அவை குறைந்தனவா என்பதை இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

குடலிலிருந்து தலைக்குச் செய்தி போக வழிகள் பல. வேகஸ் என்ற நரம்பு மூளையின் அடித்தண்டிலிருந்து வயிறு வரை இறங்குகிறது. அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. இன்னொரு வழி, நாரிலிருந்து பாக்டீரியா செய்து தரும் அந்தச் சிறு கொழுப்பு அமிலங்கள். அவற்றில் ப்யூட்ரேட் என்பது குடல் சுவரின் செல்களுக்கே ஆகாரம். அது குறைந்தால் சுவர் பலவீனமாகும், உடம்பில் மெல்லிய அழற்சி மூளும். காய்ச்சல் வந்தால் எதிலும் நாட்டமில்லாமல் சுருண்டு படுக்கிறோமே, அதைச் செய்வதும் அழற்சிதான். வெளியே தெரியாத அளவில் அது நீடிக்கும்போது மனநிலையையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று கருதுகிறார்கள்.

இதற்கிடையில் ஒரு தவறான பேச்சும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. மகிழ்ச்சி தரும் செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே வாழைப்பழம் தின்றால் மனம் குளிரும் என்பது அது. முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது. குடலை அசைத்துத் தள்ளுவதுதான் அங்கே அதன் பிரதான வேலை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது; அதற்கான மூலப்பொருள் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவுகளிலிருந்து வருகிறது. வாழைப்பழத்தைத் தாராளமாகத் தின்னுங்கள், வேறு நன்மைகளுக்காக.

பாக்டீரியா வழி மெதுவான வழி; வாரக்கணக்கில் வேலை செய்வது. அன்றன்றைய மந்தத்துக்கும் கடுகடுப்புக்கும் அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது: ரத்தச் சர்க்கரை. உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. காலையில் ஒரு டீயும் பன்னும், அல்லது வெறும் சட்னியோடு ஐந்து இட்லி என்று முடித்துக்கொண்டால், மாவு மட்டும் வேகமாகக் கரைந்து சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் பாய்ந்து வந்து இறக்குகிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கிய இடத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பதினோரு மணிக்கு “மண்டையே ஓடல, இன்னொரு டீ சொல்லுப்பா” என்பவர்களில் பலர் இந்த ரகம். மதியம் மூன்று மணித் தூக்கத்தை மட்டும் சோற்றின் மேல் முழுதாகப் போட வேண்டாம். உடம்புக் கடிகாரமே அந்த நேரத்தில் கொஞ்சம் இறங்கும். தட்டு நிறையச் சோறு அதைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

மாவு கெட்டதில்லை. அது தனியாக வருவதுதான் சிக்கல். சேலத்துத் தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். எண்ணெயில் பொரித்த அரிசி மாவு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் சாயங்காலப் பலகாரங்களில் பச்சைக் காய்கறியை வாய் நிறையத் தின்ன வைப்பது இது ஒன்றுதான். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக நான் இதையே தேர்ந்தெடுப்பேன், தினமும் இல்லை என்றாலும்.

மாவு துணையோடுதான் வர வேண்டும் என்பதைச் சேலத்துச் சமவெளியின் பழைய சமையல் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தது. ராகிக் களிக்குக் கீரைக் கடைசல், கம்மஞ்சோற்றுக்கு மோர், சோறானால் கொள்ளுப் பருப்பு, கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம். கம்பு, சோளம், ராகி மூன்றிலும் 100 கிராமுக்குச் சுமார் 10, 11 கிராம் நார் உண்டு; தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கொல்லிமலையில் சாமையும் தினையும் ராகியும் விளைந்த காடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சிக்கிழங்குக்கு மாறின. அந்தக் கிழங்கு இறங்கியது சமவெளியின் சேகோ ஆலைகளுக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நீண்ட காலம் சிறுதானியங்களை மீட்க உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உழவனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சாமையை உரலில் இட்டுக் குத்தும் பாடு அதைக் குத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

இனி பழைய சோறு. ராத்திரி மிஞ்சிய சோறு நன்றாக ஆறிய பிறகு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைக்கிறோம். ஆறும்போதே மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது நேராகப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேரும், நாரைப் போலவே. விடிவதற்குள் காற்றிலும் பாத்திரத்திலும் இருந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிவிடும். மூடியைத் திறந்தால் மெல்லிய புளிப்பு மணம், நீராகாரத்தின் மேல் ஒன்றிரண்டு குமிழி. மோர் ஊற்றிப் பிசைந்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அந்த வெங்காயத்திலும் பாக்டீரியாக்கள் விரும்பும் ஒருவகை நார் இருக்கிறது. சோற்றில் கொஞ்சம் புது உயிர், வெங்காயத்தில் அதற்குத் தீனி, மோரில் புரதம். நம் ஆயாக்கள் ஆய்வுக்கூடம் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. அவர்கள் தின்றது பழைய சோறு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. நம் பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் சிகிச்சை மருத்துவர்கள் தனியாக ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு வாட்ஸ்அப் கணக்கு உண்டு. ஒரே ராத்திரியில் சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடிவிடுமாம். இரும்பு ஓர் உலோகம். மண்பானைக்குள் அது குட்டி போடாது. புளிக்கும்போது, இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது, அதனால் இருக்கிற கொஞ்சம் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். அவ்வளவுதான் சொல்லலாம். ஊறுகாயையும் மோர்மிளகாயையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் உள்ளவர்கள் பழைய சோற்றோடு உள்ளே தள்ளும் உப்பு கொஞ்சநஞ்சமில்லை. சர்க்கரை நோயாளிக்குப் பழைய சோறும் சோறுதான்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எப்போது சாப்பிடுகிறோம் என்பது இந்தப் பகுதிக்கு இன்னும் முக்கியம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ராத்திரியும் ஓடுகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் பகல் இரவு பார்ப்பதில்லை. நடுராத்திரிப் பரோட்டாவும் சால்னாவும் பலருக்கு அன்றாடச் சாப்பாடு. பகலில் எழுந்தால் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவதாக வீட்டில் குறை சொல்வார்கள். தூக்கமில்லாததுதான் முதல் காரணம். ஆனால் அது மட்டுமல்ல என்று காட்டியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பிரிகாம் மருத்துவமனையில் நடந்து 2022இல் வெளியான ஒரு சோதனை. 19 பேரை இரவு வேலை போன்ற சூழலில் வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பகலிலும் இரவிலும் சாப்பாடு. மற்றவர்களுக்குப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களின் மனச்சோர்வு அளவு 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் ஏறின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. இரு பிரிவுக்கும் வேலை நேரம் ஒன்றுதான்.

பத்தொன்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய காரியம். தறிக்குப் போகுமுன் இரவு ஏழு, எட்டு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிடுவது. நடுராத்திரிப் பசிக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு கை வறுகடலை, மோர். ஷிப்டு முடிந்து வந்து லேசாக ஏதாவது சாப்பிட்டுப் படுப்பது. “ராத்திரி ஒண்ணுமே திங்காதீங்க” என்று தறி ஓட்டுகிறவரிடம் சொல்வது, தறி ஓட்டாதவர்களின் அறிவுரை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது.

முட்டை என்றதும் நாமக்கல். ஊரே முட்டை விலையைப் பேசும் மாவட்டத்தில், தினம் ஒன்றைத் தின்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மஞ்சள் கருவில் கோலின் என்ற சத்து. நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் அதிலிருந்துதான் உண்டாகிறது. பி12-உம் ஓரளவு உண்டு. இதே நாமக்கல் முட்டை சத்துணவுத் தட்டில் பிள்ளைகளுக்குப் போகிறது. வீட்டில் அம்மா தட்டுக்கு வருவதில்லை.

அம்மாவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. “எந்நேரமும் அசதி, எதுவும் ஞாபகத்துல நிக்கல, யார் பேசினாலும் எரிச்சல் வருது” என்று சொல்லும் பெண்ணுக்கு ப்ரோபயாட்டிக் பாட்டில் வாங்கித் தருவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். கூடவே தைராய்டு, பி12. சைவம் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். குறைந்தால் மறதி, கைகால் மரத்துப்போவது, காரணமில்லாத சோர்வு எல்லாம் வரும். பழைய சோற்றை நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

சாப்பாட்டை மாற்றியே மனச்சோர்வு நோயைக் குணப்படுத்த முடியுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு அது. மனச்சோர்வு நோயுள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: முழுத் தானியம், பருப்பு வகை, காய், பழம், மீன், கொட்டைகள். மறு பிரிவினருக்கு அதே அளவு நேரம் ஆறுதலாகப் பேச ஆள். முடிவில் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 8 சதவீதம். ஆனால் தமக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பது இதில் கலந்துகொண்டவர்களுக்கே தெரியும், பலரும் ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரையை நிறுத்தவில்லை. ஆகவே சாப்பாடு சிகிச்சையோடு சேர்ந்து நிற்கும். சிகிச்சையின் இடத்தில் நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பவே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் களியும் கொள்ளும் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சாப்பாட்டை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதுவரை மாவையே தின்று பழகிய வயிற்றில் திடீரென்று களியும் கொள்ளும் தட்டைப்பயறும் இறங்கினால் வாயு சேர்ந்து உப்பும். அந்த உப்புசத்தைப் பார்த்துப் பயந்துபோய் “எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்க” என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். கொள்ளை முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள்; வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பெருங்காயம், சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கடையுங்கள். முதல் வாரம் இரண்டு ஸ்பூன் போதும், அதுவும் மதியச் சோற்றோடு. வயிறு அடிக்கடி கலங்கிப் போகும் ஐ.பி.எஸ். தொந்தரவு உள்ளவர்கள் பூண்டும் வெங்காயமும் போடாமல் தொடங்கிப் பாருங்கள்; அவர்களுக்கு அவையும் உப்புசம் தரலாம்.